துட்டி வீட்டில் கேட்ட சிரிப்பு

"சாவு வீட்டுல சிரிச்சவளை நான் எங்ஙன கொண்டுபோய் ஒளிச்சு வைக்க? சொல்லுல, எங்ஙன ஒளிச்சு வைக்க?"

"யம்மா, மெதுவா... பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"பக்கத்து வீட்டுக்கா? வடாலா வரைக்கும் கேட்டாச்சு! நேத்து சாயங்காலமே உன் சித்தி போன் போட்டுட்டா. 'என்னக்கா, உம் மருமக துட்டி கேக்கப் போன இடத்துல கெக்கெக்கேன்னு சிரிச்சாளாமே'ங்கா. நான் என்ன சொல்லட்டும்? ஆமாட்டி, கப்பல்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கான்னு சொல்லட்டுமா?"

மீனாட்சியம்மாள் இட்லிக் கொப்பரையின் மூடியைத் தரையில் வைத்த வேகத்தில், எதிர்வீட்டுப் பூனை எழுந்து இடம் மாறியது. மணி ஏழுகூட ஆகவில்லை. வாசலில் அவள் மகன் கணேசபாண்டியன் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தான். நான்கு வருடங்களுக்கு முன் தோல் பட்டறை இயந்திரம் அவனது வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அம்மா இட்லி அவிப்பாள், மகன் விற்பான். இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் பேசினாலும் அடி விழும் என்பதால், கட்டிய கயிற்றையே அவிழ்த்து அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான்.

குற்றவாளி, அறையின் மூலையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். பெயர் விஜயராணி. வயது முப்பத்து மூன்று. ஒன்பது மாதம் கடலில் இருந்துவிட்டு, ஐம்பது நாள் விடுப்பில் தாராவிக்கு வந்திருந்தாள். மாமியாரின் ஒவ்வொரு சொல்லும் அவள் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. ஆனால் முகம்... ஐயோ, அந்த முகம்! அது மலர்ந்து, கனிந்து, விருந்தினரை வரவேற்பதுபோல் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாருல! பாரு! திட்டுதேன், சிரிக்கா!"

"சிரிக்கல அத்தை..."

"பின்னே அது என்னதுட்டி மூஞ்சியில?"

அது என்ன என்பதைச் சொல்வதற்குக் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விஜயராணி வேலை பார்த்த உல்லாசக் கப்பலில் பன்னிரண்டு மாடி. மூவாயிரம் பயணிகள். அவள் பொறுப்பில் பதினெட்டு அறைகள். ஒவ்வொன்றையும் ஒரு நாளைக்கு இரண்டு முறை சுத்தம் செய்து, படுக்கை விரித்து, துண்டுகளை முயலாகவும் குரங்காகவும் மடித்து வைக்க வேண்டும். அவள் தூங்கியதோ தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில். பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி மேல் கட்டிலில், இவள் கீழ்க் கட்டிலில். "கடல் எப்படிக்கா இருக்கும்?" என்று சந்தில் எல்லோரும் கேட்டார்கள். அழுக்குத் துணி மூட்டையைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு வட்டக் கண்ணாடி வழியாகத் தட்டு அளவுக்குத் தெரியும் என்று அவள் உண்மையைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

அந்தக் கப்பலில் ஒரு விதி உண்டு. பயணி பத்தடி தூரத்தில் வந்தால் கண்ணைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும். ஐந்தடியில் வந்தால் வாய்திறந்து வணக்கம் சொல்லி, ஏதாவது வேண்டுமா என்று கேட்க வேண்டும். காய்ச்சலோ, தலைவலியோ, தூக்கமோ, எதுவாக இருந்தாலும் சரி. முதல் மாதம் அது வேலையாக இருந்தது. மூன்றாவது மாதம் பழக்கமானது. ஒன்பதாவது மாதம், கொட்டாவிபோல, தும்மல்போல, அவளைக் கேட்காமலே வர ஆரம்பித்துவிட்டது.

கப்பலின் நடைகூடம் நீளமானது. பத்தடி, ஐந்தடி என்றெல்லாம் அங்கே அளக்கலாம். விஜயராணியின் சந்தோ மொத்தமே நாலடி அகலம். அங்கே யாருமே யாருக்கும் ஐந்தடிக்கு அப்பால் இல்லை. எனவே, வந்திறங்கிய நாளிலிருந்து அவள் ஓய்வில்லாமல் சிரித்துக்கொண்டும் வணக்கம் சொல்லிக்கொண்டும் இருந்தாள். தண்ணீர்க் குழாயில் நிற்பவர்களுக்கு, பல் துலக்குபவர்களுக்கு, சண்டை போடுபவர்களுக்கு. சொந்த வீட்டுக்குள் நுழையும்போது மூன்று தட்டுத் தட்டி, "ஹவுஸ்கீப்பிங்!" என்றாள். பொதுக் கழிப்பறைக் கதவிலும் ஒருநாள் அப்படியே சொல்லிவிட்டாள். உள்ளேயிருந்த ஒருத்தி பயந்துபோய், "ஒண்ணும் வேண்டாம்மா, நாளைக்கு வா!" என்று கத்தினாள்.

இதையெல்லாம்கூடச் சந்து பொறுத்துக்கொண்டது. நேற்று நடந்ததைத்தான் பொறுக்கவில்லை.

அடுத்த சந்தில் வண்ணமுத்து இறந்து மூன்றாம் நாள். மீனாட்சியம்மாள் மருமகளைக் கூட்டிக்கொண்டு துட்டி கேட்கப் போனாள். இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் வண்ணமுத்துவின் மனைவி வடிவு. விஜயராணி வாசலில் நின்றாள். வடிவு நிமிர்ந்து பார்த்தாள். இருவருக்கும் இடையில் சரியாக ஐந்தடி.

"குட் மார்னிங். எப்படி இருக்கீங்க? ஏதாச்சும் வேணுமா?"

ஒப்பாரி பாதியில் நின்றது. அது முதல் குற்றம். அரை மணி நேரம் கழித்து, உள்ளறையிலிருந்து சந்து முழுக்கக் கேட்கும்படி ஒரு சிரிப்பு வெடித்து வந்ததே, அது இரண்டாவது. கதவைத் திறந்துகொண்டு தலைகுனிந்து வெளியே வந்தவள் விஜயராணி. "யாருட்டி சிரிச்சா?" என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குக் கப்பல் ஏஜென்ட் போன் பண்ணுவான்லா?" மீனாட்சியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். கத்துவதைவிட அது பயமாக இருந்தது. "வரலைன்னு சொல்லு. சொன்னா இந்த வீட்டுல இரு. இல்ல, எனக்குக் கப்பல்தான் வேணும்னா, தாராளமாப் போ... ஆனா செல்விய மறந்துரு. ஒம்போது மாசம் நான் வளத்தேன். இன்னும் வளக்க எனக்குத் தெரியும்."

விஜயராணியின் கையில் போர்வை நின்றது.

எட்டு வயது இசக்கிசெல்வி பள்ளிக்கூட ரிப்பனைக் கட்டியபடி, பாட்டியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆச்சி, மம்மி பாகல் ஹோ கயீ கியா?"

"ஆமா! பாகல்தான்! பைத்தியமேதான்! உங்கப்பனையும் ஆக்கிருவா!"

விஜயராணிக்குக் கப்பலும் பிடிக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. பதினெட்டு அறைகளும் சுத்தமாகி, பதினெட்டுக் கதவுகளும் வரிசையாக மூடியிருக்கும் அந்த நிமிடத்தில், உலகத்தில் ஒரு மூலையையாவது தான் சரி செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றும். ஆனால் செல்வி... தூக்கத்தில் கையை நீட்டி ஆச்சியின் முந்தானையைத் தேடும் செல்வி... ஊருக்கு வந்து முப்பத்தைந்து நாளாகியும் அந்தக் கை ஒருமுறைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

சுவர்க்கடிகாரம் பத்தரை காட்டியபோது பூலோகம் வந்தார்.

பூலோகம் இறந்துபோன வண்ணமுத்துவின் தம்பி. சந்துச் சங்கத்தின் செயலாளரும் அவரே. இடது கையில் சங்கத்தின் லெட்டர்பேடு. அண்ணன் இறந்த துக்கத்தில் மூன்று நாளாக முகச்சவரம் செய்யவில்லையே தவிர, லெட்டர்பேடை விடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, கடுமையாக நிமிர்ந்தார்.

"குட் மார்னிங் மாமா. எப்படி இருக்கீங்க?" என்றாள் விஜயராணி. நான்கடி.

"நல்லாருக்கேன்மா..." என்று சொல்லிவிட்டு, பூலோகம் திடுக்கிட்டார். "ஏய்! நல்லா இல்ல! எப்படி நல்லாருப்பேன்? அண்ணன் செத்து நாலு நாள் ஆகல, நல்லாருப்பனா?"

"அண்ணாச்சி, நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க..." மீனாட்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"வச்சுக்கிடாம? மயினி, நான் சங்கத்துல பதில் சொல்லணும். கோவண்டியில இருந்து வந்தவங்க, கல்யாண்ல இருந்து வந்தவங்க, அவ்வளவு பேர் காதுலயும் விழுந்திருக்கு. இந்தப் புள்ள எல்லாரையும் பாத்துச் சிரிக்குதுன்னு முன்னாடியே கம்ப்ளைன்ட் இருக்கு. ஆம்பளைங்களையும் பாத்துச் சிரிக்குதாம்!"

டீ கொடுக்க வந்திருந்த ஜமால் வாசலிலேயே நின்றார். சந்து முனையில் டீக்கடை அவருடையது.

"என்னையப் பாத்தும்தான் சிரிக்கும் தங்கச்சி," என்றார். "என் கடையில கட்டிக் கிடக்குற ஆட்டப் பாத்தும் அதே சிரிப்புதான். ஆடு உங்க சங்கத்துல கம்ப்ளைன்ட் குடுத்துச்சா, பூலோகம் பாய்?"

"ஜமாலு, நீ டீயக் குடுத்துட்டுப் போ."

"போறேன். ஆனா ஒண்ணு சொல்லுறேன். இந்தச் சந்துல இருபது வருசமா டீ ஊத்துறேன். 'எப்படி இருக்கீங்க'ன்னு இந்தப் பிள்ளை ஒண்ணுதான் கேட்டிருக்கு. மத்தவங்கெல்லாம் 'சீனி கம்மி'ன்னுதான் சொல்லுவாங்க."

பூலோகம் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. தீர்ப்பைச் சொன்னார். பதினாறாம் நாள் விசேஷத்தில், அத்தனை பேர் முன்னாலும், விஜயராணி வடிவின் காலில் விழுந்து, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"சரி மாமா," என்றாள் விஜயராணி. "விழுறேன்."

மீனாட்சியம்மாளுக்கு அதுதான் தாங்கவில்லை. "விழுறேங்கா! இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? சிரிக்கலைன்னு சொல்ல மாட்டாளா? அப்ப சிரிச்சிருக்கா! ஐயோ, இந்தக் கணேசனுக்கு வேற பொண்ணா கிடைக்கல..." என்று அவள் தலையில் அடித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

பழைய சேலையைத் தலை வரை போர்த்திக்கொண்டு, செருப்பில்லாமல், வடிவு நின்றிருந்தாள்.

பூலோகம் நாற்காலியோடு எழுந்துவிட்டார். "மயினி! பதினாறு கழியாம வாசப்படி தாண்டலாமா? யாரு கூட்டிட்டு வந்தது?"

"என் காலுதான் கூட்டிட்டு வந்துச்சு. பூலோகம், செத்தவரு உனக்கு அண்ணன். எனக்குப் புருசன். நான் எங்க போணும்னு நான் பாத்துக்கிடுதேன். நீ உக்காரு."

பூலோகம் உட்கார்ந்தார்.

"இவ என் காலுல விழணுமாமே? உன் பொண்டாட்டி சொன்னா. எதுக்கு?"

"சிரிச்சதுக்கு..."

"சிரிச்சது இவ இல்ல," என்றாள் வடிவு. "நான்."

எதிர்வீட்டுக் குக்கர் ஒரு நீண்ட விசிலடித்தது.

"அத்தை, வேண்டாம்..." விஜயராணி முதல்முறையாகப் பதறினாள். "சொல்லாதீங்க அத்தை, நாலு பேரு நாலு விதமா..."

"நீ சும்மா இருட்டி. மூணு நாளு... வாரவ எல்லாம் என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதா. ஒருத்தி எந்திரிச்சா அடுத்தவ. கழுத்து சுளுக்கிக் கிடக்கு, இன்னும் திருப்ப முடியல. ஒருத்தியாவது, ஏட்டி வடிவு, தொண்டைக்கு ஏதாச்சும் குடிச்சியான்னு கேட்டாளா? மீனாட்சி, நீ கேட்டியா? நீயும்தான் என் மேல விழுந்து அழுதே. உன் கண்ணீர்ல என் சட்டையே நனைஞ்சுது."

மீனாட்சியம்மாள் தரையைப் பார்த்தாள்.

"இவ வந்தா. சிரிச்ச முகமா, ஏதாச்சும் வேணுமான்னு கேட்டா. உங்களுக்கெல்லாம் திக்குன்னு ஆச்சு. எனக்கோ, 'கடுங்காப்பி'ன்னு வாயில வந்துட்டு! என்னை எழுப்பி உள்ள கூட்டிட்டுப் போனா. கதவைச் சாத்தினா. காப்பி போட்டு, தட்டுல வச்சு, பக்கத்துல ஒரு காகிதத்தைப் பூ மாதிரி மடிச்சு வச்சுக் குடுத்தா. என் கல்யாணத்துல கூட எனக்கு யாரும் அப்படிக் குடுக்கல. அப்புறம் கட்டில்ல விரிப்ப மாத்துனா. அவரு துண்டு ஆணியில தொங்கிச்சு. 'அத்தை, இதைத் துவைக்கட்டுமா'ன்னா. துவைக்காதே தாயி, அவரு வாசம் போயிரும்னேன்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது ஜமால்.

"சரின்னு எடுத்து மடிச்சா. அங்ஙன திருப்புதா, இங்ஙன உருட்டுதா... பாத்தா ஆனை! அந்த மனுசன் நாப்பது வருசம் குளிச்சுட்டு வந்து துண்டைத் தரையில போட்டவரு. ஒரு நாளாவது மடிச்சு வச்சவரு இல்ல. அந்தத் துண்டு, அவரு தலகாணியில, தும்பிக்கையத் தூக்கிட்டு என்னையப் பாத்து உக்காந்திருக்கு! காது வேற, அவருக்கு இருந்த மாதிரியே இம்மாம் பெருசு... அடக்க முடியல, சிரிச்சுட்டேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். இவதான் ஓடி வந்து என் வாயைப் பொத்துனா. புருசன் செத்த மூணாம் நாள் சிரிச்சவன்னு எனக்குப் பேரு வந்துரும்னு, தானே கதவைத் திறந்துட்டுப் போய் உங்க முன்னாடி தலையக் குனிஞ்சு நின்னா. நேத்து பூரா மனசு கேக்கல. என் பேரு கெட்டாக் கெடட்டும். இந்தப் பிள்ளை காலுல நான்தான் விழணும்."

பூலோகம் லெட்டர்பேடை மடியில் இறக்கி வைத்தார்.

"அண்ணனுக்குக் காது பெருசுதான்," என்றார் மெல்ல. "சின்ன வயசுல நான் அதைப் புடிச்சுத்தான் தொங்குவேன்..." அதற்கு மேல் முடியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, தாடிக்குள் புகுந்து, தோள்கள் குலுங்கின. சங்கத்தின் லெட்டர்பேடால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்சம் தேறிய பிறகு, "மயினி, அந்த ஆனை இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றதும், எழுந்து அண்ணி பின்னாலேயே போய்விட்டார். தீர்ப்பு என்னவானது என்று யாரும் கேட்கவில்லை. ஜமால் காலி கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு மூக்கைத் துடைத்தபடி நடந்தார்.

வீட்டில் மாமியாரும் மருமகளும் மிஞ்சினார்கள். இட்லி விற்றுத் திரும்பி, சைக்கிளோடு வாசலில் நின்ற கணேசபாண்டியனும், இந்தக் கூத்தில் பள்ளிக்கூடத்தையே மறந்துவிட்ட செல்வியும்.

"ஏன்ட்டி சொல்லல?" மீனாட்சியம்மாளின் குரல் கம்மியிருந்தது. "நேத்துல இருந்து நாய் மாதிரி குலைக்கேன். என்கிட்டக்கூடவா சொல்லக் கூடாது?"

"கேபினுக்குள்ள பாத்ததை வெளியே சொல்லக் கூடாது அத்தை. முத நாளே கையெழுத்து வாங்கிருவாங்க."

"வடிவு வீடு உனக்குக் கேபினா?"

விஜயராணி புன்னகைத்தாள்.

"சிரிக்காத! உனக்கு வலிக்கவே செய்யாதா? நான் அவ்வளவு பேசினேன்... ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. உன் மனசு என்ன கல்லாட்டி?"

"அத்தை... ஆகஸ்ட் மாசம் செல்விக்கு டெங்கு வந்துச்சுல்லா?"

மீனாட்சியம்மாள் திகைத்து மகனைப் பார்த்தாள். மகன் சைக்கிள் மணியைப் பார்த்தான்.

"உனக்கு யாரு சொன்னா? நான் யாரும் சொல்லக் கூடாதுன்னு சூடத்துல அடிச்சு சத்தியம் வாங்கினேனே! நடுக்கடல்ல கிடக்கிறவ, தெரிஞ்சா தவிச்சுப் போயிருவான்னு... எட்டு நாளு ஆஸ்பத்திரித் தரையில நான்தானே கிடந்தேன்... போன்ல உன்கிட்ட, பிள்ளை விளையாடப் போயிருக்கான்னு சொல்லிட்டு, பாத்ரூம்ல போய் அழுவேன்..."

"தெரியும் அத்தை. நீங்க சொல்லும்போதே உங்க குரல்ல தெரிஞ்சுது. இவங்க அப்புறம் மெசேஜ் போட்டாங்க. காலையில ஆறு மணிக்குப் பாத்தேன். ஏழு மணிக்கு டூட்டி. பதினெட்டு ரூம். வராண்டாவுல ஒவ்வொருத்தரா வந்தாங்க... குட் மார்னிங், எப்படி இருக்கீங்க, ஏதாச்சும் வேணுமா... குட் மார்னிங், எப்படி இருக்கீங்க... ஒரு வெள்ளைக்காரக் கிழவர், 'உன் சிரிப்பைப் பாத்தாலே அன்னைக்கு நாள் நல்லாருக்கு'ன்னு கார்டு எழுதிக் குடுத்தாரு. அந்த எட்டு நாளும் இந்த மூஞ்சி கீழ இறங்கல அத்தை. அதுக்கப்புறமும் இறங்கல... நான் என்ன செய்ய? எப்படி இறக்கன்னு எனக்குத் தெரியல..."

புன்னகையின் ஓரம் நடுங்கியது. ஒருபக்கம் இறங்கியது. பிறகு மறுபக்கம். முப்பத்தைந்து நாளாக அந்த வீட்டில் யாரும் பார்த்திராத முகம் ஒன்று மெல்ல வெளியே வந்தது. விஜயராணி அழுதாள். சின்னப் பிள்ளைபோல், வாயைத் திறந்து, சத்தமாக, அழகே இல்லாமல் அழுதாள்.

"அப்படி... அப்படி அழு தாயி..." மீனாட்சியம்மாள் மருமகளின் கழுத்தைக் கட்டிக்கொள்ளக் கைகளை நீட்டினாள். வடிவின் சுளுக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, பாதியில் நிறுத்தி, "காப்பி குடிக்கியாட்டி?" என்று கேட்டாள். பிறகு அடக்க முடியாமல் கட்டிக்கொண்டே விட்டாள்.

"ஆச்சி, பாருங்க," என்றாள் செல்வி, பயமும் ஆச்சரியமுமாக. "மம்மி நார்மல் ஹோ கயீ!" மெதுவாக வந்து, அம்மாவின் சேலை நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். விடவில்லை.

போன் அடித்தது. மணி பன்னிரண்டு.

கணேசபாண்டியன் அதை எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு, மூன்று விரலால் மனைவியிடம் நீட்டினான். ஏஜென்ட். அந்தப் பக்கம் பதினெட்டுக் கதவுகள். இந்தப் பக்கம் சேலையில் இரண்டு விரல். விஜயராணி போனை வாங்கினாள். எடுக்கவில்லை. வைக்கவும் இல்லை. அது அவள் உள்ளங்கையில் ஒரு சின்ன மீன்போலத் துடித்தது.

மீனாட்சியம்மாள் மருமகளின் முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"காலையில சொன்னது தப்புட்டி. பிள்ளைய மறந்துருன்னு எந்த வாயால சொன்னேன்னு தெரியல. அதை மனசுல வச்சுக்கிடாத. நீ போனாலும் இது உன் வீடுதான், அவ உன் பிள்ளைதான். இப்ப நான் சொல்லல... கேக்கேன். இந்த ஒரு தடவை மட்டும் எங்க கூட இருந்துரேன் தாயி..."